தூண்குத்து

"உங்க தொழில் என்ன?" என்று யாராவது கேட்டால் எனக்கு மூன்று பதில் சொல்ல வேண்டும். அந்தத் தொல்லை எதற்கு என்று "அடிக்கிற வேலை" என்று சொல்லிவிடுவேன். கட்டடம் வரைகிறேன். அது நிற்குமா, விழுமா என்று கணக்குப் போடுகிறேன். மிச்ச நேரத்தில் கல்லை அடிக்கிறேன். மூன்றுக்கும் படிப்பு உண்டு, மூன்றிலும் காயம் உண்டு. இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கிறது, முன்பல்லில் ஒன்று பொய்ப்பல், வலது கைச் சுண்டுவிரல் மடங்காது.

மூன்று தொழில் தெரிந்தவளுக்கு மூன்று வீட்டிலும் சோறு கிடைக்கும் என்று நினைப்பீர்கள். எங்கே! கட்டடம் வரைகிறவர்கள் என்னைப் பார்த்து, "நீங்க எஞ்சினியர், உங்க தூணெல்லாம் யானைக்கால்" என்பார்கள். எஞ்சினியர்கள் "மேடம் ஆர்ட்டிஸ்ட், அவங்களுக்குக் கணக்கு எதுக்கு" என்று கண்ணடிப்பார்கள். சிற்பிகள் இருக்கிறார்களே, அவர்கள்தான் மோசம். என் கண்காட்சிக்கு வந்து என் காபியைக் குடித்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் "சிமெண்ட்வாலி", சிமெண்ட்காரி, என்பார்கள். இருபத்தைந்து வருஷம் இதைக் கேட்டிருக்கிறேன். காது புளித்துவிட்டது.

அப்பா மதுரையிலிருந்து மத்திய சர்க்கார் குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்தவர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தது. லோதி ரோடு பக்கம் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தேன். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் என்னை "மத்ராசி காலி", மதராஸ் கறுப்பி, என்று தினமும் கூப்பிடுவான். ஒருநாள் ஜியாமெட்ரி பாக்ஸால் வாயிலேயே போட்டேன், பல் போய்விட்டது. அப்பாவைப் பள்ளிக்கு அழைத்தார்கள். அவர் கை கட்டி நின்று எல்லா வசவையும் வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும், "மேல்பல்லா, கீழ்ப்பல்லா?" என்று மட்டும் கேட்டார்.

எஞ்சினியரிங் அப்பாவுக்காகப் படித்தேன். எஞ்சினியர்கள் கட்டுகிற வீடுகளைப் பார்த்துக் கண் எரிந்ததால் கட்டடக் கலை படித்தேன். சிற்பம் நான் தேடிப் போனதில்லை, ஒரு காண்ட்ராக்டர் என்னை அங்கே தள்ளிவிட்டான். ஒரு நாலு மாடி வீட்டில் தூண் கம்பிக்கு ரிங் போட வேண்டிய இடத்தில் பாதி ரிங்கை முழுங்கிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக கான்கிரீட்டை ஊற்றிவிட்டிருந்தான். தட்டிப் பார்த்தேன். சத்தமே திருட்டுச் சத்தமாக இருந்தது. சம்மட்டியை வாங்கி நானே உடைக்க ஆரம்பித்தேன். அவன் பின்னால் வந்து என் கூந்தலைப் பிடித்து இழுத்தான். திரும்பின வேகத்தில் சம்மட்டிக் காம்பால் அவன் முழங்காலில் ஒரு போடு போட்டேன். அவன் ஆட்கள் என்னைப் பிடித்துத் தள்ளியதில் பல் போனது. மேல்பல்தான். அன்று மாலை ஆத்திரம் அடங்கவே இல்லை. வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்துவைத்து இருட்டும்வரை அடித்தேன். பார்த்தால் அதில் ஒரு தாடை தெரிந்தது. அப்படித்தான் சிற்பியானேன். அதற்குப் பிறகு டெல்லியின் பாதி காண்ட்ராக்டர்கள் என்னை "ஹதோடேவாலி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சுத்தியல்காரி என்று அர்த்தம். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

இப்போது டெல்லியிலேயே துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃப்ளாட்டில் இருக்கிறேன். எங்கள் பிளாக்கில் கீழ்த்தளம் பாதி பார்க்கிங், பாதி வீடு. என் பார்க்கிங் இடத்தில் கார் கிடையாது. ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு கறுங்கல்லை அங்கே நிறுத்தி இரண்டு வருஷம் அடித்தேன். ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் பெரிய பெண். கட்டட வேலை செய்கிறவள். கையில் ஒன்றும் கிடையாது, தலையில் ஒன்றும் கிடையாது. யாரோ எதையோ சொல்லிவிட்டுப் போக, அவனைத் திரும்பிப் பார்க்கிற முகம். அந்த முகத்துக்கு மட்டும் ஒரு வருஷம் ஆனது.

சொசைட்டியில் என்னோடு சண்டை போடாத ஆள் இல்லை. தூசி, சத்தம், குழந்தைகளுக்குப் பரீட்சை, பெரியவர்களுக்குத் தூக்கம். செயலாளர் ஒரு ரிட்டையர்டு பஞ்சாபி. "யே பார்க்கிங் ஹை மேடம், ஃபேக்டரி நஹீ" என்று வாரம் ஒருமுறை வந்து கத்துவார். நானும் கத்துவேன். ஒருநாள் கேட்டில் காவல் இருக்கிற கார்டு பையா காளி என்று நினைத்துச் சிலைக்குக் குங்குமம் வைத்துவிட்டான். அவனையும் திட்டி, குங்குமத்தைத் துடைத்தேன். அவள் சாமி இல்லை. அவளிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

அந்தச் சிலையை முழுக்க முழுக்கக் கூட இருந்து பார்த்தவர் ஒரே ஒருத்தர்தான். கீழ்த்தள வீட்டு அக்கா. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள், வீட்டுக்காரர் ஒரு அமைச்சகத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார். அக்காவுக்கு இந்த வீட்டுக்கு வந்த வருஷமே பக்கவாதம் அடித்துவிட்டது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. கட்டிலை ஹாலிலேயே போட்டு, பகலில் காற்றுக்காக வாசல் கதவைத் திறந்துவைப்பார்கள். கட்டிலிலிருந்து பார்த்தால் நேரே என் கல் தெரியும்.

லேசுப்பட்டவர் இல்லை அந்த அக்கா. டெல்லிக்கு வந்த புதிதில் பஸ்ஸில் சீண்டிய ஒருவனைச் செருப்பால் அடித்து, அவனை இறக்கிவிட்டுத்தான் பஸ்ஸை எடுக்கவிட்டாராம். அண்ணன்தான் சொன்னார், சொல்லும்போதே அவருக்குப் பயம் தெளியவில்லை. நான் அடித்துக்கொண்டே இருப்பேன், அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார். பிடிக்காவிட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருமுறை உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழகாகத்தான் பட்டது. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தவர், நான் அந்தச் சிரிப்பைச் செதுக்கி எடுக்கும்வரை திரும்பவே இல்லை. அவர் பக்கம்தான் நியாயம். அந்த முகத்தில் சிரிப்புக்கு வேலை இல்லை.

லோதி ரோடு பக்கத்தில் ஒரு கலைக்கூடம் அந்தச் சிலையைக் கேட்டது. அவர்கள் முற்றத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், நிரந்தரமாக. இருபத்தைந்து வருஷத்தில் முதல்தடவையாக என் கல் ஒன்று வெயிலில் நிற்கப் போகிறது. சிமெண்ட்வாலி என்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. நேராக ஓடிப்போய் அக்காவிடம்தான் சொன்னேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். இரும்புப் பிடி.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தூண் பேச்சை எடுத்தார். அவர் வாசலுக்கு நேர் எதிரே பார்க்கிங்கின் தூண் ஒன்று நிற்கிறது. அக்கா கட்டிலிலிருந்து அதற்குப் பக்கவாட்டில்தான் சிலையைப் பார்ப்பார்.

"ஏனுங்க அம்மிணி, இது தூண்குத்துங்களாமா. ஊர்ல வாஸ்து பாக்கறவர் வீடியோ கால்ல பாத்துச் சொல்லிப்போட்டாருங்க. வாசலுக்கு நேரா தூண் இருந்தா ஊட்டுப் பொம்பளைக்கு ஆகாதுங்களாம்."

"அண்ணே, அக்காவுக்கு வந்தது பிரஷர். மாத்திரைய ஒழுங்கா குடுங்க."

"அதுவுங் குடுக்கறனுங்க. தூணை எடுக்கச் சொல்லலைங்க. ஒரு பக்கம் நாலு வெரக்கடை செதுக்குனா நேர் தப்பிப்போகும்னாருங்க. நீங்க எஞ்சினியர், அதாங் கேக்கறேன். பண்ணிப்போடலாமுங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேலே ஏழு மாடி இருக்கிறது. ஏழு மாடியும் வந்து அந்தக் கால்மேல்தான் குந்தியிருக்கிறது. "அண்ணே, அந்தத் தூண்ல கைய வச்சீங்க, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "செரிங்க அம்மிணி" என்றார். முப்பது வருஷம் சர்க்கார் ஆபீசில் இருந்தவர்களின் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று குமாஸ்தா மகளான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபைலை மூடவில்லை, அடியில் வைத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

சிலைக்குப் பீடம் கட்ட நான் லோதி ரோட்டிலேயே கிடந்த நாட்களில் அவர் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து வேலையை முடித்துவிட்டார். பட்டப்பகலில்! யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? பார்க்கிங்கில் உடைக்கிற சத்தம் வந்தால் அது நான்தான். எல்லோரும் பழகிவிட்டிருந்தார்கள். கார்டு பையா எட்டிப் பார்த்தபோது அண்ணன், "மேடம் கா காம்", மேடத்தோட வேலை, என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்குத் தூசி ஆகாது என்று வாசல் கதவையும் சாத்திவைத்திருக்கிறார். என்னுடைய வயரில்தான் மெஷினுக்குக் கரண்ட் எடுத்திருக்கிறார்கள். செதுக்கியதில் இரண்டு கம்பி வெளியே தெரிந்ததாம். பூச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று கொத்தனார் அதையும் வெட்டி எடுத்துவிட்டான். பிறகு நைசாகப் பூசி, சொசைட்டி கலரிலேயே பெயிண்டும் அடித்தாயிற்று. நான் திரும்பி வந்தபோது என் கண் முழுக்கச் சிலையின் மேல்தான் இருந்தது. தூணைப் பார்க்கவே இல்லை.

சிலையை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய காலை. பாரம் தூக்கும் ஆட்கள் லாரியோடு வந்துவிட்டார்கள். தலைமை மிஸ்திரி ஒரு பீகார்க்காரர், வாயில் எப்போதும் கைனிப் புகையிலை. ஜாக்கி, இரும்புக் குழாய்கள், நாலைந்து மரக்கட்டைகள் எல்லாம் இறக்கிவிட்டு, சிலையைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். அக்கா கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து, வழியனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது "பட்" என்று ஒரு சத்தம். கல்லிலிருந்து வரவில்லை, அதை நாங்கள் இன்னும் அசைக்கவே இல்லை. திரும்பினேன். தூணின் ஒரு பக்கத்துப் பூச்சு அப்படியே பாளமாகச் சரிந்து விழுந்தது. உள்ளே இருந்த கம்பி வயிறு தள்ளி வெளியே வளைந்திருந்தது. மேலே உத்தரத்தில் ஒரு விரிசல், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் நீண்டது.

 அடுத்த நிமிஷம் தொண்டை கிழியக் கத்தினேன். "காலி கரோ! சப் நீச்சே ஆவோ! லிஃப்ட் நஹீ, சீடி!" எல்லோரும் காலி பண்ணிக் கீழே வாங்க, லிஃப்ட் வேண்டாம், படி வழியா என்று கார்டு பையாவும் விசிலை ஊதிக்கொண்டே மாடி மாடியாக ஓடினான். மாடிப்படி கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது, அதனால் மேலே இருந்தவர்கள் அந்தப் பக்கமாக இறங்கி வெளியே ஓடினார்கள். ஆனால் அக்காவின் வீட்டுக்கு ஒரே வாசல். அதிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் உடைகிற உத்தரத்துக்கு அடியிலேயேதான் வர வேண்டும். பின்பக்கம் ஜன்னல் உண்டு. டெல்லியில் எந்தக் கீழ்வீட்டு ஜன்னலில் கிரில் இல்லை? திருடனுக்குப் பயந்து போட்ட கனத்த இரும்பு. கரண்டை நிறுத்தியாகிவிட்டது, அறுக்கவும் வழியில்லை.

இதற்குள் கீழே வந்த கூட்டம் வெளியே நின்ற என்னைச் சூழ்ந்துகொண்டது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடி வந்தவர்களுக்கு உதைக்க ஆள் வேண்டும் அல்லவா? "இவதான்! ரெண்டு வருஷமா தட்டித் தட்டிப் பில்டிங்கையே உடைச்சுட்டா!" செயலாளர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். யாரோ பின்னாலிருந்து தள்ள, முகம் குப்புற விழுந்தேன், உதடு கிழிந்தது. ஒரு பையன் என் சுத்தியலைப் பிடுங்க வந்தான். எழுந்து அதை ஓங்கினேன், அவன் பின்வாங்கினான். மிஸ்திரி நடுவில் பாய்ந்து வர, அவருக்கும் இரண்டு அடி விழுந்தது. அந்தக் கலவரத்தில் அண்ணனின் குரல் கேட்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடி வந்திருந்தார், டீ டம்ளர் கையிலேயே இருந்தது.

"அவங்க இல்லீங்க. நானுங்க. நாந்தான் கொஞ்சூண்டு செதுக்கச் சொன்னேன்."

நான் அவரை அடித்தேன். யோசிக்கவில்லை. கன்னத்தில், முழு வீச்சில். கண்ணாடி பறந்தது, டம்ளர் உருண்டது. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை, இனியும் படமாட்டேன். "கைய ஒடிப்பேன்னு சொன்னேனாய்யா இல்லியா!" என்று கத்தினேன். அவர் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. "உள்ள என்ற சம்சாரம் இருக்குதுங்க" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு வாசலை நோக்கி ஓடினார். இரண்டு பேர் பாய்ந்து அவரைத் தரையோடு அமுக்கிப் பிடித்தார்கள்.

அக்காவைத் தூக்கிவர நாலு பேராவது வேண்டும், முட்டுக் கொடுக்காமல் நாலு உயிரை அந்த உத்தரத்துக்குக் கீழே அனுப்ப முடியாது. எங்கிருந்து முட்டுக் கொண்டுவருவது? போன் போட்டால் வரும், ஆனால் இந்த வெயிலில் நஜஃப்கட் ரோடு டிராஃபிக்கில் அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்போதுதான் மிஸ்திரி என் கல்லைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதே உத்தரத்துக்கு நேர் கீழே, தூணிலிருந்து இரண்டு எட்டில், நின்றுகொண்டிருந்தாள் அவள். அவள் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு முழம்.

"மேடம், ஜாக்கியை இவ தலைமேல வச்சுடலாம்" என்றார் மிஸ்திரி இந்தியில்.

என் மண்டைக்குள் எஞ்சினியர் எழுந்துவிட்டாள். அவளுக்கு ஈவு இரக்கம் கிடையாது. அடிப்பாகம் அகலம், தரை தாங்கும். உடம்பு தாங்கும். தோள் தாங்கும். கழுத்து தாங்காது. தலைமேல் பாரம் ஏறினால் கழுத்து ஒடிந்து எல்லாம் சேர்ந்து விழும். தலை இருக்கக்கூடாது. தோளைச் சமமாக்கி, மேலே கட்டை அடுக்கி, அதற்கு மேல் ஜாக்கி வைத்தால் நிற்கும்.

தலையை முழுசாக வெட்டி எடுத்துக் காப்பாற்றலாம் என்றுகூட நினைத்தேன். கல்லைத் தெரிந்தவள் என்பதால்தான் முடியாது என்றும் தெரிந்தது. பின்னால் கூந்தலை முதுகோடு சேர்த்தே விட்டிருந்தேன், அந்தப் பக்கம் கழுத்தே கிடையாது. வேகமாக உள்ளே போக ஒரே வழி முன்பக்கம். தாடை வழியாக. முகத்தின் வழியாக.

ஒரு ஆள் சம்மட்டியோடு முன்னால் வந்தான். "தொட்டே, கொன்னுருவேன்" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் புரிந்துகொண்டான். அந்த உத்தரத்துக்கு அடியில் ஒரு ஆள் போவதானால் அது நான்தான் என்று அவன் கையிலிருந்து சம்மட்டியை வாங்கினேன்.

முதல் அடி தாடையில். அவள் விட்டுக்கொடுக்கவில்லை, பொறிதான் பறந்தது. என் கை தோள்வரை அதிர்ந்தது. இரண்டாவது அடியில் உதடு போனது. நான் சிரிப்பைச் செதுக்கி எடுத்த அதே உதடு. ஒவ்வொரு அடிக்கும் நான் வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அண்ணனைத் திட்டினேன், வீடியோ கால் வாஸ்துக்காரனைத் திட்டினேன், காண்ட்ராக்டரைத் திட்டினேன், சிமெண்ட்வாலி என்றவன்களை அவன்கள் அப்பன் பாட்டன்வரை இழுத்துத் திட்டினேன். இந்தியில் பாதி, மதுரைத் தமிழில் பாதி.  மூக்கு உடைந்து என் காலில் விழுந்தது. கன்னம், கண், நெற்றி. சில்லு தெறித்து என் நெற்றியிலும் ரத்தம். பார்வை மறைத்தபோது புறங்கையால் வழித்துவிட்டு அடித்தேன். மேலே உத்தரம் முனகிக்கொண்டே இருந்தது. கடைசியில் கழுத்து சாய்ந்து மிச்சத் தலை பின்பக்கம் விழுந்தது. நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று மிஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது.

தோளை உளியால் கொத்திச் சமமாக்கினேன். கட்டைகளை அடுக்கினார்கள். மிஸ்திரியே ஜாக்கியை ஏற்றினார், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. ஜாக்கி உத்தரத்தைத் தொட்டது, இறுகியது. கட்டை நெரிந்தது. கல் நெரியவில்லை. முனகல் நின்றது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் இரும்பு முட்டுகள் வந்தன. கட்டடம் நின்றது, இன்றும் நிற்கிறது, நான் அதில்தான் குடியிருக்கிறேன். அந்தத் தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுக் கனப்படுத்தினேன். முன்னைவிட ஒன்றரை மடங்கு பருமன், வாசலுக்கு நட்டநடுவே. அது இறுகும்வரை தினமும் தண்ணீர் ஊற்றியது அண்ணன்தான். கலைக்கூடத்து அம்மாள் வந்து தலையில்லாத கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இப்படியே தந்துடுங்க, இதுதான் ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கு" என்றார். "வெளிய போங்க" என்றேன். அவர் போகும்வரை என் கை சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆனால் அன்று காலை ஜாக்கி இறுகியதும் நடந்ததுதான் என்னை விட்டுப் போகவில்லை.

அண்ணனை விட்டார்கள். அவரும் மிஸ்திரியின் ஆட்களும் உள்ளே பாய்ந்து, மெத்தையோடு அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவு முழுநேரமும் திறந்துதான் இருந்தது. கட்டிலில் சாய்ந்தபடி, ஒவ்வொரு அடியையும், ஒவ்வொரு துண்டையும் அக்கா பார்த்திருக்கிறார். தூண் வெடித்தது மறுபக்கத்தில், கட்டிலிலிருந்து அது தெரியாது. வீட்டுக்காரர் செய்த வேலையும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் சம்மட்டியை எடுத்தேன், அந்த முகத்தை அடித்து நொறுக்கினேன்.

உத்தரத்தைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும், என்னைக் கண்டு அக்கா ஒரு சத்தம் போட்டார். வாயிலிருந்து வந்த சத்தம் இல்லை அது, அடிவயிற்றிலிருந்து வந்தது. ஆட்கள் பயந்து நின்றுவிட்டார்கள். நான் கிட்டே போனேன். நெற்றி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, சம்மட்டி இன்னும் கையில்.

அக்கா இடது கையைத் தூக்கி என்னை அறைந்தார். பஸ்ஸில் அடித்த கை அது. என் கிழிந்த உதடு மறுபடி கிழிந்தது.

"கண்ணு, கண்ணு, வேண்டாஞ்சாமி" என்று அண்ணன் அவர் கையைப் பிடிக்க வந்தார். "உன்னிய வெளிய கொண்டாரத்தான் அவங்க ஒடச்சாங்க. தப்பு என்ற மேல. என்னிய அடி."

அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையை உதறிக்கொண்டு, உடைந்த கல்லைக் காட்டினார், என்னைக் காட்டினார். நல்ல கண், விழுந்த கண், இரண்டிலும் தண்ணீர். அந்த முகம் போனதற்கு என் மேல் கோபப்பட இந்த டெல்லியில் வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சம்மட்டியைக் கீழே போட்டேன். மெத்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கைக்கு எட்டும்படி முகத்தைக் கொடுத்தேன்.

"இன்னொண்ணு போடுங்கக்கா" என்றேன்.

போட்டார்.